முதல் வாளிக்கு முந்திய வரி

யுத்தம் முடிந்த கிழமை கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். சந்தோஷத்தில் கொளுத்தினார்களா, கொளுத்தாமல் விட்டால் யாராவது குறித்துக்கொள்வார்கள் என்று கொளுத்தினார்களா என்பதைச் சத்தத்தை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. அந்தக் கிழமைதான் மகனின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். நாங்கள் ஒரு வகுப்பறையில் இருந்தோம். பிள்ளைகள் தட்டிக்கு அந்தப் பக்கம் பயிற்சித்தாளோடு இருந்தார்கள். தெருவில் முதல் சரம் வெடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் மதிலுக்கு ஓடினார்கள். என் மகன் ஓடவில்லை. குனிந்த தலை நிமிராமல் கணக்குச் செய்துகொண்டிருந்தான்.

அதிபர் அதைப் பார்த்துவிட்டார். சொல்லாமலே வேலையைத் தொடங்குகிற பிள்ளையை வளர்த்த தகப்பன் முன்னால் வந்து நாலு வார்த்தை கதைக்க வேண்டும் என்றார். நான் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் என்பது ஊருக்குத் தெரியும். ஆகையால் வாயைத் திறக்கும் முன்பே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒரே நேரம், ஒரே இடம், மிகச் சிறிய முதல் அடி, அதற்குப் பிறகு பெற்றோர் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்தில் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். மனைவியில்லாத ஒருவன் இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டி அனுப்புகிறான் என்றாலே எங்கள் ஊரில் கண்ணீர் வரும். பெண்கள் அதைத் தினமும் செய்வதற்கு யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

நான் சொன்ன எதுவும் என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. அவை எங்கள் வீட்டுக்குள் எந்த வழியால் வந்தன என்று அங்கே சொல்லியிருந்தால், அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஓதிப் பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. வளவு பெண்ணுக்கு. கிணறும் தென்னையும் கோழிக்கூடும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைக்குச் சாய்வுகதிரை ஒன்று உண்டு, அதுவும் மாமனார் எழும்பிப் போன பிறகு. நானும் அப்படித்தான் ஒரு பெட்டிப் புத்தகத்தோடு கடற்கரைத் தெருவில் இருந்த மனைவியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பகலில் கல்முனையில் கந்தோர், எழுதுவினைஞர் வேலை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சைக்கிளை நிறுத்தும்போது, மகள் பாயில் இருந்து எழுதிக்கொண்டிருப்பாள். அவள் அப்போது சின்ன வகுப்பு. மகன் பாலர் வகுப்பு. அவனும் ராத்தாவுக்குப் பக்கத்தில் இருந்து வட்டம் வட்டமாகக் கீறிக்கொண்டிருப்பான். மனைவி அடுப்படியில் இருப்பாள். 'படி' என்று அவள் சத்தம் போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. பூனை தானாக முகம் கழுவுவதுபோல, பிள்ளைகள் ஒரு வயதில் தானாகவே கொப்பியை விரிக்கும் என்று நம்பியிருந்தேன்.

அந்த மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகள் வரிப்பத்தான்சேனையில் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாச்சி என்பது மனைவியின் தங்கை. வயலோடு இருக்க வேண்டும் என்பதற்காக, வழக்கத்துக்கு மாறாகப் புருஷனின் ஊருக்கே போய்விட்டவள். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிவர நான் போனேன். சாச்சி ஊற்றித் தந்த தேத்தண்ணியை நான் குடித்து முடிப்பதற்குள் கடல் ஏறிக் கடற்கரைத் தெரு இல்லாமற் போயிருந்தது. மனைவியின் ஜனாஸா கிடைக்கவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

முதலில் கூடாரம். பிறகு ஊருக்கு மேற்கே ஒரு தென்னந்தோட்டத்தில் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டில்கள். அதில் ஒன்று எங்களுக்கு. மனைவியும் போய் வளவும் போனால், மாப்பிள்ளை என்பவன் ஆளில்லாத வீட்டுக்கு வந்த தபால் மாதிரி. தாயில்லாப் பிள்ளை தாயின் தங்கைக்கு என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். சாச்சி மரியாதையானவள், நாங்கள் கொட்டிலுக்குள் போய்ச் சேரும் வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு ஒரு வியாழக்கிழமை, அரிசிப் பையோடும் முட்டையோடும் பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள்.

"மச்சான், நான் சண்டைக்கு வரல்ல" என்றாள். "நீங்க கந்தோரால வர அஞ்சு மணியாகும். அதுமட்டும் ரெண்டு புள்ளயும் தகரத்துக்குள்ள என்ன செய்யும்? கொப்பியத் தொறந்து பாத்தன். தேதி மட்டும்தான் இரிக்கி."

பழக்கி எடுப்பேன் என்றேன்.

"நீங்க என்னத்தப் பழக்குற? ஒங்களையே ராத்தாதான் பழக்கின."

அவளுக்கு ராத்தா, மூத்தவள், என் மனைவிதான்; சொன்னது உண்மையும்தான். கடைசியில் அவளே ஒரு முடிவு சொன்னாள். நோன்பு வருவதற்கு முன் ஒருநாள் வருவாள். என்றைக்கென்று சொல்லமாட்டாள். யாரும் சொல்லாமல், ஏவாமல், பிள்ளைகள் தாமாக இருந்து எழுதத் தொடங்கினால் அவர்கள் என்னோடு இருக்கலாம். இல்லாவிட்டால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவாள். நியாயமான பேச்சு. அவளிடத்தில் நான் இருந்திருந்தால் இவ்வளவு தவணை கொடுத்திருக்க மாட்டேன்.

அவள் போன பிறகு மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாப்பா, நாங்க சாச்சி வீட்ட போகக்குள்ளதான் கடல் வந்த."

ஓம் என்றேன்.

"இன்னொருக்காப் போனா நீங்களும் இரிக்கமாட்டீங்க."

நான் நிறைய வாசித்தவன். தர்க்கத்தில் பிழை பிடிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அவளுடைய வாதத்தில் பிழையைத் தேடினேன். அவளிடம் இருந்த ஒரே உதாரணம் அவள் பக்கம்தான் நின்றது.

அதன் பிறகு நான் செய்த முயற்சிகளை வைத்து ஒரு வருஷத்துக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதலாம். நிற நிறப் பேனாக்களால் நேரசூசி ஒன்று கீறி ஒட்டினேன். பிள்ளைகள் அதை ரசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பூக் கீறச் சொன்னார்கள். டொபி வாங்கி வைத்தேன்; எறும்புகள் மட்டும் நேரத்துக்கு வந்தன. அட்டாளைச்சேனையில் ஆசிரியர்களுக்கே பாடம் நடத்துகிற நண்பர் ஒருவர், 'படி' என்று சொல்லாமல் முதல் சின்ன வேலையை மட்டும் சொல்லிப் பாருங்கள் என்றார். காலையில் போகும்போது, பென்சிலைக் கூராக்கி வை மகள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். பின்னேரம் வந்தால் வீட்டில் இருந்த பென்சில் எல்லாம் விரல்நுனி அளவுக்கு வந்திருந்தது. பாய் முழுக்கப் பென்சில் தோல். கொப்பியில் தேதி.

எழுப்புமணி வைத்ததுதான் மோசம். பின்னேர அசர் தொழுகை நேரத்துக்கு அடிக்கும்படி வைத்துவிட்டுக் கந்தோருக்குப் போனேன். அது அடித்ததும் பிள்ளைகள் மட்டுமல்ல, எங்கள் வரிசையில் இருந்த எல்லோருமே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் ஓடினார்களாம். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கொட்டில் மாமி, என்னைக் கண்டதும் மணிக்கூட்டை நீட்டினா. "மகன், இதக் கடலுக்குள்ள எறிங்க. அது எவ்வளவோ கொண்டு போன. நாமளும் ஒண்டு குடுப்பம்."

பிள்ளைகள் எழுத மறுக்கவில்லை. அதுதான் விசித்திரம். விடுமுறை நாட்களில் கவனித்துப் பார்த்தேன். அசர் பாங்கு சொன்னதும் கையைக் கழுவிவிட்டுப் பாயில் வந்து இருப்பார்கள். கொப்பியை விரிப்பார்கள். தேதி எழுதி அடியில் கோடு போடுவார்கள். பிறகு பென்சிலை உயர்த்திப் பிடித்தபடி அப்படியே இருப்பார்கள். மகளின் கையைப் பிடித்து முதல் வரியை நான் எழுதிவிட்டால் மிச்சத்தை அவளே எழுதி முடிப்பாள். தொடங்க மட்டும் ஏலாது. என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால் ஒண்டுமில்ல என்பாள். ஒருநாள், இஞ்ச கெணறு எப்ப வெட்டுவாங்க என்று கேட்டாள். பவுசர் வண்டியில் வருகிற தண்ணீரைப் பற்றியும் கறுப்புத் தாங்கிகளைப் பற்றியும் அவளுக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடல் வந்து போன பிறகு எங்கள் ஊரில் என்ன சத்தம் இல்லாமற் போனது என்று அந்த நாட்களில் என்னிடம் கேட்டிருந்தால், பலவற்றைச் சொல்லியிருப்பேன். கப்பியைச் சொல்லியிருக்க மாட்டேன். முன்பெல்லாம் அசருக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும், தெருவில் எந்த வீட்டைத் தாண்டிப் போனாலும் கிணற்றுக் கப்பி கீச்சிடும். தொழ முன் ஒழு எடுக்கத் தண்ணீர், பாத்திரத்துக்குத் தண்ணீர், பிள்ளை குளிக்கத் தண்ணீர். கிணறுகள் எல்லாம் உப்பாகிப்போன பிறகு யாரும் அள்ளுவதில்லை. ஊர் முழுக்கக் கயிறு இறங்காத ஒரு பின்னேரம். அந்த அமைதிக்குள் நாங்கள் மாதக்கணக்காக இருந்தோம். பெரியவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

கச்சான் காற்றுத் தொடங்கிய நேரம். ஒருநாள் நான் வந்து சைக்கிளை நிறுத்தும்போது மகள் எழுதிக்கொண்டிருந்தாள். பாதிப் பக்கம் முடிந்திருந்தது. மாமி சொல்லித் தொடங்கியிருப்பா என்று நினைத்தேன். மாமி, தான் அடுப்பில் இருந்ததாகச் சொன்னா. அடுத்த நாளும் அப்படி. மகனும் 'அ' எழுதியிருந்தான், ஒரு வரிசை. நான் கந்தோரில் பீத்திக்கொண்டு திரிந்தேன். தன் பிள்ளையைப் பற்றிக் குறைசொன்ன ஒருவருக்கு நிற நிறப் பேனாக்களைச் சிபாரிசுகூடச் செய்தேன்.

பிறகு எங்கேயோ யாரையோ சுட்டதற்காக ஒரு ஹர்த்தால் வந்தது. கந்தோர் பூட்டு. நான் கட்டிலில் ஒரு புத்தகத்தை முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே நல்ல வெயில். தகரத்தின் ஓட்டைகளால் ஒளி விழுந்து பாயில் சின்னச் சின்ன வட்டங்கள். பிள்ளைகள் வந்து இருந்தார்கள். தேதி எழுதினார்கள். பென்சில்கள் உயர்ந்தன. இரண்டு தலையும் ஒரே பக்கமாக, கடல் பக்கத்துத் தகரத்தை நோக்கி, ஒரே அளவுக்குச் சரிந்தன. பேசவில்லை. கண் சிமிட்டவில்லை. பிறகு யாரோ அவிழ்த்துவிட்டதுபோல இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து அவசரம் அவசரமாக எழுதினார்கள். ஒரு வரி முடிந்ததும் அவசரம் போய்விட்டது. மகள் சாவகாசமாக அழிறப்பரைத் தேடினாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. காதால் கேட்கவில்லை என்று சொல்கிறேன். எழுந்து வந்து பாயில் குந்தினேன். எது வரைக்கும் காத்திருந்தீர்கள் என்று விசாரித்தேன்.

"உம்மா வாளிய இறக்குற மட்டும்" என்றாள் மகள்.

பஸ் வந்துவிட்டது என்பதை அதே குரலில்தான் சொல்வாள். மீதியையும் அவளே சொன்னாள். முதல் வாளி மேலே வர முந்தி முதல் வரி எழுதி முடிய வேண்டும். அதுதான் உம்மாவின் சட்டம். அதற்குப் பிறகு உம்மா பார்க்கமாட்டா; ஒழு எடுத்துத் தொழப் போய்விடுவா. பிள்ளைகள் தாமாக எழுதுவார்கள். என் வீட்டில் பல வருஷமாக நடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் விதிகளை, கரை கலைந்த பாயில் குந்தியிருந்து அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் எப்போதும் ஐந்து மணிக்குப் பிறகு வந்தவன்.

"சில நாளைக்கி உம்மா குளிப்பா" என்றான் மகன். "அண்டைக்கி கன வாளி."

குளிக்கிற நாளில் முழுப் பக்கமும் முடிந்துவிடும் என்று மகள் விளக்கினாள்.

"இப்பவும் கேக்குதா?"

அவள் கொஞ்சம் காது கொடுத்தாள். "இல்ல. இப்ப தொழுறா."

அந்த வெயிலில் என் முதுகு குளிர்ந்தது. படித்த மனிதனுக்குக் குளிர்ந்தால் உடனே காரணம் தேடுவான். தகரம் வெயிலில் விரிந்து, பின்னேரக் காற்றுப் பட்டுச் சுருங்கும்போது கீச்சிடும். பிள்ளைகள் அதைக் கப்பி என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அழகான காரணம். அடுத்த சனிக்கிழமை காலையிலிருந்து மந்தாரம். தகரம் தொட்டால் குளிர்ந்தது. பிள்ளைகள் அன்றைக்கும் தலையைச் சரித்தார்கள், அன்றைக்கும் குனிந்தார்கள். உம்மா இண்டைக்கி வெள்ளன வந்திட்டா என்று மகன் புறுபுறுத்தான். அவன் இன்னும் கோடு போட்டு முடிக்கவில்லை.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் மாமி முதலில் ஓதிய தண்ணீர் கொண்டுவருவா. பிறகு நூல் கட்டுவார்கள். பிறகு செய்தி வரிப்பத்தான்சேனைக்குப் போகும். பிள்ளைகள் தாமாக எழுதத் தொடங்கினால்தான் என்னோடு இருப்பார்கள். எப்படித் தொடங்குகிறார்கள் என்பது வெளியே தெரிந்தால் இருக்கமாட்டார்கள். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்துகிற கட்டில் அது.

ஒரு பின்னேரம் பழைய வளவுக்குப் போனேன். அதுவரை அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்து வந்தேன். வீடு நின்ற இடம் கடற்கரையாகியிருந்தது. கிணறு மட்டும் நின்றது. நின்றது என்று எழுதும்போது அதன் முழு அர்த்தத்திலேயே எழுதுகிறேன். சுற்றியிருந்த மண்ணையெல்லாம் கடல் அள்ளிக்கொண்டு போயிருந்தது. நிலத்துக்குள் இருக்க வேண்டிய கொங்கிரீட் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, என் தலைக்கு மேலே, புகைபோக்கி மாதிரி உயர்ந்து நின்றன. கப்பித் தூண் இல்லை. கயிறு இல்லை. உடைந்த மதில் துண்டொன்றில் ஏறி விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். வாய் வரைக்கும் மணல். காய்ந்த, வெள்ளை மணல். நண்டு துளை போட்டிருந்தது. அதற்குள் இறக்க ஒரு வாளிக்கு இடமில்லை.

இறங்கி வரும்போது வேகமாக நடந்தேன். ஓடினேன் என்று எழுதினால் மரியாதைக் குறைவு.

அடுத்த நாள் கல்முனையில் ஒரு கடையில் புதுக் கப்பி ஒன்று வாங்கினேன். உண்மையான சத்தம் ஒன்றைக் கொடுத்துவிட்டால், பிள்ளைகளின் பழக்கத்துக்கு உண்மையான காரணம் ஒன்று வந்துவிடும், யார் கேட்டாலும் கையைக் காட்டலாம் என்பது என் திட்டம். கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பூவரசங் கிளையில் கட்டினேன். கயிற்றின் ஒரு நுனியில் வாளி, கீழே சாதாரண மண் தரை. சனிக்கிழமை அசர் பாங்கு முடிந்ததும் இழுத்தேன். நல்ல சத்தம். இரண்டாம் முறை இழுப்பதற்குள் எனக்குப் பின்னால் ஒரு பெண் குடத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. முகாமில் இருப்பவர்களுக்கு வரிசை என்றால் எதற்கென்று கேட்கிற வழக்கம் போய்விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வரிசை தாங்கி வரைக்கும் போனது, நடுவில் இரண்டு பேர் இடத்துக்காகச் சண்டை பிடித்தார்கள், எந்த என்.ஜி.ஓ. தோண்டியது, உப்பில்லையா என்று ஒருவர் என்னை விசாரித்தார். இன்னும் தோண்டவில்லை என்றேன். அப்படியென்றால் பெயர் பதியலாமா என்றார்.

பிள்ளைகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது.

"வாப்பா, அதக் கழட்டுங்க" என்றாள் மகள். "அது கத்தினா உம்மாட கப்பி கேக்காது."

கழற்றிவிட்டேன். ஆனால் அடுத்த நாள் பிள்ளைகள் பென்சிலை உயர்த்தியபடி இருந்தார்கள், இருந்தார்கள், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் இருந்தார்கள். அதற்கடுத்த நாளும் தேதி மட்டும்தான். நான் வந்து கையைப் பிடித்து எழுதினேன்.

உம்மா வரவில்லையா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் சாதாரணமாகக் கேட்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

மகள் தலையாட்டினாள். கொஞ்சம் யோசித்தாள். "வேற ஆரோ அள்ளுறாங்க எண்டு நெனச்சிருப்பா."

அதற்குப் பிறகு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அந்த வியாழக்கிழமை பக்கத்து மேசைக்காரரின் பேனாவைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தபோது மாமியின் மகன் கந்தோருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். சாச்சி வந்துவிட்டாள். அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். அவள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் உடுப்புகள் போட ஒரு பை, வெறுமையாக, அவளுடைய காலடியில் இருந்தது.

"நீங்க கதைக்கப்படாது" என்றாள். "கண்ணும் காட்டப்படாது. அங்கால இரிங்க."

நான் கட்டிலில் போய் இருந்தேன். அசர் பாங்கு சொன்னது. பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். பாயை உதறினார்கள். கொப்பி. தேதி. கோடு. பென்சில்கள் உயர்ந்தன. இரண்டு தலையும் கடல் பக்கம் சரிந்தன.

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே கச்சான் தென்னோலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தொழுதுவிட்டுத் திரும்புகிற ஆண்களின் செருப்புச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. சாச்சி விசிறிக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்திருந்தாள். ஜெயிக்க வந்தவளின் முகம் இல்லை அது. எழுதித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் அவளும் துஆக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. மகள் ஒருமுறை என்னைப் பார்த்தாள். எழுது என்று நான் சொன்னால் தோற்றுவிடுவோம். கண்ணைக் காட்டினாலும் தோற்றுவிடுவோம். என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க அப்படி ஒன்றும் இல்லை.

மகள் தம்பியின் பக்கம் சாய்ந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்; ஆனால் தகரக் கொட்டிலில் இரகசியம் என்று ஒன்று கிடையாது.

"உம்மா இண்டைக்கும் வரமாட்டா. நாம எழுதுவம்."

"அப்ப வாளி?"

"இறங்குது எண்டு நெனச்சிக்க."

அவள் பிஸ்மி சொன்னாள். குனிந்தாள். எழுதினாள். மகன் இன்னும் கொஞ்ச நேரம் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோபத்தோடு எழுதத் தொடங்கினான்.

சாச்சியின் விசிறி நின்றுவிட்டது. கேட்டுவிட்டாள். இனி என்ன கேட்பாள், நான் என்ன சொல்வேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவள் கேட்கவில்லை. மகள் முதல் பக்கத்தை முடித்துத் தாளைப் புரட்டினாள். மகனின் நாக்கு வெளியே வந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது. நன்றாக எழுதும்போது அவனுக்கு அப்படி வரும்.

அப்போதுதான் சாச்சியின் தலை எழும்பியது. மெதுவாக, கடல் பக்கத்துத் தகரத்தை நோக்கிச் சரிந்தது. பிள்ளைகளின் தலை சரிந்த அதே அளவு. கதிரையின் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். எனக்குக் காற்றும் ஓலையும்தான். பிள்ளைகளைப் பார்த்தேன். அவர்கள் நிமிரவில்லை. பென்சில்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

"மச்சான்" என்றாள், என்னைப் பார்க்காமல். "இஞ்ச கெணறு இரிக்கா?"

இல்லை என்றேன்.

"கிட்ட எங்கயும்?"

பழைய வளவில் இருப்பதுதான், அதுவும் மணல் மூடிக் கிடக்கிறது என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த வீட்டில் பிறந்து, அந்தக் கிணற்றில் குளித்து வளர்ந்தவள் அவள். நான் அங்கே வந்து சேர்ந்தவன் மட்டும்தான்.

"அந்தக் கப்பி எண்ணெ போட்டாலும் கத்தும்" என்றாள்.

பிள்ளைகள் எழுதி முடித்துக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டியபோது இருவரையும் கட்டிப் பிடித்து முகர்ந்தாள். வெறும் பையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடப் போனேன். போகும் வழியில், அப்படியென்றால் பிள்ளைகள் இருக்கலாமா என்று கேட்டேன். கந்தோரில் மேலதிகாரியிடம் கேட்கிற குரல் எனக்குத் தானாக வந்தது.

"ஓம், இரிக்கட்டும்."

தாமாக எழுதத் தொடங்கிவிட்டார்கள்தானே என்றேன்.

"அதுவும்தான்" என்றாள். பஸ் வருகிறதா என்று பார்த்தாள். "இதுகள நான் கூட்டிப் போனா, ராத்தா இஞ்ச ஆருக்கு அள்ளுற?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் தலை நிமிரவில்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் ஒருநாளும் காத்திருக்கவில்லை. பாங்கு, கை, பாய், தேதி, முதல் வரி. அடுத்த நாள் மகளிடம், உம்மா வந்தாவா என்று கேட்டுப் பார்த்தேன். தெரியா, நாங்க எழுதிக்கிட்டிருந்தம் என்றாள்.

நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. மகன் வட்டத்தை விட்டு எழுத்துக்கும், எழுத்தை விட்டுக் கணக்குக்கும் போனான். கல்வீடு கிடைத்துக் குடிபோகும் வரைக்கும் அந்தத் தகரத்துக்குள்தான் இருந்தோம். சாச்சி ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தாள். பிள்ளைகள் தங்களைப் பார்க்கத்தான் வருகிறா என்று நினைத்தார்கள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அசர் தொழுதுவிட்டு வந்து, கதிரையைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பாள். பாயில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்த்து, இப்போது எத்தனையாவது வாளி என்று ஊகித்துக்கொண்டிருப்பேன்.